ஒரே பெயர் உள்ள வாக்குச்சீட்டு: சோவியத் தேர்தல் பற்றி உங்கள் கேள்விகள்

கேள்வி: தொகுதிக்கு ஒரே வேட்பாளர்தான் என்றால், சோவியத் மக்கள் முத்திரையை எதில்தான் குத்தினார்கள்?

பதில்: எதிலும் குத்தவில்லை. சீட்டில் ஒரு பெயர் இருக்கும். சம்மதம் என்றால் அப்படியே மடித்துப் பெட்டியில் போட வேண்டியதுதான். பிடிக்காதவர் பெயரை அடிக்க வேண்டும். அதற்குத் திரை போட்ட மறைப்பும் உண்டு. ஆனால் சம்மதிப்பவருக்கு அங்கே வேலையே இல்லையே! உள்ளே போனாலே, இவர் அடிக்கத்தான் போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ரகசிய வாக்கெடுப்பு என்று 1936 அரசியல் சட்டத்தில் எழுதியிருந்தது என்னவோ உண்மை.

கேள்வி: ஆரம்பத்திலிருந்தே இப்படித்தானா சார்?

பதில்: 1937 டிசம்பர் 12 தேர்தலுக்குப் பலர் போட்டியிடலாம் என்றுதான் முதலில் பேச்சு. அக்டோபரில் கைவிட்டார்கள்.

கேள்வி: ஓட்டுப் போடாமல் வீட்டிலேயே இருந்துவிட்டால்?

பதில்: விட மாட்டார்கள். குடியிருப்புக்குக் குடியிருப்பு கம்யூனிஸ்ட் கட்சிப் பிரசாரகர் இருப்பார். அவர் பொறுப்பில் உள்ள எல்லோரும் போட்டு முடிக்கும்வரை அவரால் வீடு திரும்ப முடியாது. அதனால் வந்து கதவைத் தட்டுவார். ஆஸ்பத்திரிக்குப் பெட்டியே போகும். 1984இல் அறிவித்த வாக்குப்பதிவு 99.99 சதவீதம்! மக்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. "கூரை ஒழுகுது, சரிபண்ணிக் கொடுங்க, அப்புறம் வர்றேன்" என்று பேரம் பேசியவர்கள் உண்டு. வேறு ஊரில் போடுகிறேன் என்று சான்றிதழ் வாங்கி, எங்கேயும் போடாமல் நழுவியவர்களும் உண்டு.

கேள்வி: வாக்குச்சாவடியில் சாப்பாடு கிடைக்குமாமே?

பதில்: இலவசம் இல்லை, விற்பனைதான். கடையில் சுலபமாகக் கிடைக்காத சாசேஜ், ஆரஞ்சு எல்லாம் அன்றைக்கு அங்கே வரும். அதற்காகவே விடியற்காலையில் போனார்கள்.

கேள்வி: தனியாக நிற்பவர் தோற்கவே முடியாது, சரிதானே?

பதில்: அப்படித்தான் கட்சியும் நினைத்தது. ஆனால் ஜெயிக்கப் பாதிக்கு மேல் வாக்கு வேண்டும் என்ற விதி ஏட்டில் இருந்தது. பலரும் போட்டியிடலாம் என்று அனுமதித்த 1989 மார்ச் 26 தேர்தலில் அதே விதி கடித்தது. லெனின்கிராட் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) வட்டாரக் கட்சித் தலைவர் யூரி சொலவ்யோவை எதிர்த்து யாருமே நிற்கவில்லை. பாதிக்கு மேற்பட்டோர் அவர் பெயரை அடித்துவிட்டார்கள், மனிதர் தனியாக நின்று தோற்றார்! மாஸ்கோவில் ஜில் கார் தொழிற்சாலை இயக்குநரை எதிர்த்து, பிற்பாடு ரஷ்ய அதிபரான யெல்த்சின் சுமார் 89 சதவீதம் வாங்கினார்.

கேள்வி: அப்படியானால் 1989 தேர்தல் முழு ஜனநாயகம்தானே?

பதில்: இல்லை. அந்தத் தேர்தல் நடந்த மக்கள் பிரதிநிதிகள் பேரவையில் மொத்தம் 2,250 இடம். அதில் 750 இடம் கட்சி, தொழிற்சங்கம் போன்ற அமைப்புகளுக்கு ஒதுக்கியவை. கம்யூனிஸ்ட் கட்சிக்கு 100 இடம், அது நிறுத்தியதும் சரியாக 100 பேரை. நாட்டின் தலைவர் கோர்பச்சேவ் அந்தப் பட்டியலில்தான் இருந்தார்.