முழுதாகச் சாவி கொடுத்தும் ஓடாத மெர்சர் குரோனோமீட்டர்

சாவி நிலையைக் காட்டும் காட்டிமுள் 0-வில், அதாவது முழுச் சாவியில், இருந்தும் நொடிமுள் அசையவில்லை என்றால், ஒருமுறை சாவி கொடுத்தால் இரண்டு நாள் ஓடும் உங்கள் மெர்சர் கப்பல் கடிகாரத்தைக் கையால்தான் கிளப்பிவிட வேண்டும். கப்பல் ஆடினாலும் கடிகாரத்தை மட்டமாக வைக்கும் வளையத் தாங்கியான கிம்பலைப் பூட்டி, பெட்டியை இரு கையாலும் பிடித்து, மேசை மட்டத்திலேயே கால் சுற்று வெடுக்கென்று திருப்பி நிறுத்துங்கள். ஒருமுறை போதும். நொடிமுள் அரை நொடிக்கு ஒரு தாவலாக ஓடும்.

பெரும்பாலும் இது பழுதே அல்ல. உள்ளே இருப்பது ஸ்பிரிங் டிடென்ட் எஸ்கேப்மென்ட், அதாவது வில்லின் விசையைப் பல் பல்லாக விடும் அமைப்பு. முன்னும் பின்னும் ஆடும் சக்கரமான பேலன்ஸ் வீல் ஆடினால்தான், பல்லைப் பிடித்து நிறுத்தும் டிடென்ட் விலகி, எஸ்கேப் வீல் ஒரு பல் நகரும். நின்றுபோன பேலன்ஸ் கைக்கடிகாரத்தில் போலத் தானாகக் கிளம்பாது.

அப்படியும் ஓடவில்லையா? கார்க் ஆப்பைத் தேடுங்கள். தூரப் பயணத்துக்கு அனுப்பும்போது பேலன்ஸ் விளிம்புக்கு அடியில் மெல்லிய கார்க் துண்டுகளைச் செருகுவார்கள், எடுக்க மறந்துவிடுவதுண்டு. கண்ணாடி வளையத்தைத் திருகிக் கழற்றி, முள்களில் கை படாமல் டயல் விளிம்பைத் தாங்கியபடி இயந்திரம் இருக்கும் கிண்ணத்தைக் கவிழ்த்து இயந்திரத்தை இறக்குங்கள். ஆப்பை இடுக்கியால் பக்கவாட்டில் மெதுவாக உருவுங்கள். பேலன்ஸின் சுருள்வில்லை மட்டும் தொடவே வேண்டாம்.

ஓடத் தொடங்கிச் சில நிமிடத்தில் நின்றால், பழைய எண்ணெய் இறுகியிருக்கலாம். அதன்மேல் புது எண்ணெய் விடாதீர்கள். எஸ்கேப் வீல் பல்லும் டிடென்ட்டும் எண்ணெயில்லாமல் இருக்க வேண்டியவை. சாவி ஏறியிருக்கும்போது பேலன்ஸைக் கழற்றுவதோ அதைவிட ஆபத்து: தடையில்லாமல் சக்கரங்கள் பாய்ந்து சுழன்று பல் உடையலாம். முதலில் சாவி ஏறிய பெரிய வில்லின் விசையை இறக்க வேண்டும். அதை டிடென்ட் வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.