கடப்பாக் கல்லும் புளித்தண்ணீரும்

அன்புள்ள ஐயா,

தக்கலையில் நாங்கள் புதிதாகக் கட்டிய வீட்டில் சமையல் மேடைக்குக் கறுப்புக் கடப்பாக் கல் பதித்தோம். மீன்குழம்புக்குக் கரைத்த புளி சிந்திய இடமெல்லாம் வெளிறிவிட்டது; எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. நம் ஊர்ப் பாறைக்கல்லில் இப்படி ஆவதில்லையே, இது மட்டமான கல்லா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

மட்டமான கல் அல்ல. கடைக்காரர் உங்களுக்குக் கொடுத்தது அசல் கடப்பாக் கல்தான் என்பதற்கு அந்த வெளிறலே சாட்சி.

நம் மாவட்டத்து மலைகளில் பரவலாகக் கிடைக்கும் சார்னோகைட், பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் உருவான பாறை. அதிலுள்ள குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமங்கள் புளிக்கு அசையாதவை. கடப்பாக் கல்லோ சுண்ணாம்புக்கல். நம் கடற்கரையில் சிப்பியைக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்களே, அந்தச் சிப்பியில் இருக்கும் கால்சியம் கார்பனேட்தான் இதிலும் இருக்கிறது. ஆனால் இந்தக் கல்லில் சிப்பியைத் தேடினால் கிடைக்காது. கடல் உயிர்கள் ஓடு வளர்க்கத் தொடங்குவதற்கு முன்பே படிந்தது இது.

ஆந்திரத்தில் கடப்பா, கர்நூல் பகுதிகளில் பிறை வடிவில் கிடக்கும் பழம்பெரும் படிவுப் பாறைப் படுகையை நிலவியலாளர் வில்லியம் கிங் 1872இல் விரிவாக எழுதிவைத்தார். அங்கே நார்ஜி என்ற ஊரின் பெயரால் வழங்கும் சுண்ணாம்புக்கல் அடுக்கிலிருந்துதான் நம் வீடுகளுக்கு வரும் பலகைகள் பெரும்பாலும் எடுக்கப்படுகின்றன. அலையடங்கிய கடலடியில் சுண்ணச்சேறு மாவுபோல் நுண்மையாகப் படியப் படிய, இடையிடையே மெல்லிய களிமண் ஏடுகளும் சேர்ந்தன. பிற்காலத்தில் பெரிய வெப்பமோ நசுங்கலோ இல்லாததால் அந்த ஏடுகள் அப்படியே தங்கிவிட்டன. குவாரியில் அந்த இடுக்கில் உளியை வைத்துத் தட்டினால் போதும், பாறை பலகை பலகையாகப் பிரியும். விலை மலிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மனிதர் அறுப்பதற்கு முன்பே கடல் அறுத்து வைத்த பலகை என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

மெருகேற்றாத கடப்பாக் கல் சாம்பல் நிறமாகவே இருக்கும். நுண்மணிகளாலான கல் என்பதால் வழவழப்பாக மெருகேறும். வழவழத்த பரப்பில் ஒளி சிதறாததால் கன்னங்கறுப்பாகத் தெரியும். புளியின் அமிலம் பரப்பைச் சற்றே கரைத்துச் சொரசொரப்பாக்கியதும் பழைய வெளிறல் திரும்பிவிடுகிறது. எனவே நீங்கள் காண்பது கல்லின்மேல் ஒட்டிய கறை அன்று, கல் அரிக்கப்பட்ட இடம். சோப்பு அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. புளியோ எலுமிச்சையோ கொண்டு துலக்கினால் இன்னும் மோசமாகும். மெருகேற்றுபவரை அழைத்து மேடையை மறுபடி தேய்க்கச் சொல்லுங்கள். புளி கரைக்கும் சட்டிக்கு அடியில் ஒரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள்.