புரதத் தடுப்பூசியா, மரபணுத் தடுப்பூசியா? வாசகர் கேள்விகள்

2022-இல் என் மகனுக்குப் பள்ளியில் கோர்பிவேக்ஸ் போட்டார்கள். எனக்கு கோவிஷீல்டு. இரண்டும் ஒரே வகைதானா? (வாசகி, கும்பகோணம்)

இல்லை. கோர்பிவேக்ஸ் புரதத் தடுப்பூசி. கொரோனா வைரஸ் நம் செல்லைப் பற்றிக்கொள்ள உதவும் ஸ்பைக் புரதத்தின் ஒரு துண்டை ஈஸ்ட்டில் தயாரித்து, சுத்திகரித்துக் குப்பியில் அடைக்கிறார்கள். கோவிஷீல்டு மரபணுத் தடுப்பூசி. அதில் ஸ்பைக்கைப் புரதமாகத் தருவதில்லை. ஸ்பைக்குக்கான மரபணுவை, பெருக முடியாதபடி மாற்றிய சிம்பன்சி அடினோவைரஸில் ஏற்றி அனுப்புகிறார்கள். புரதத்தை உங்கள் செல்களே செய்துகொள்ளும். ஃபைசர், மாடர்னா ஊசிகளும் அப்படித்தான். அவற்றில் வைரஸுக்குப் பதில் நுண்ணிய கொழுப்புத் துகளுக்குள் எம்ஆர்என்ஏ (புரதம் செய்வதற்கான தற்காலிகக் குறிப்பு) இருக்கும். ஆக, புரதம் தயாராவது தொழிற்சாலையிலா, நம் உடம்பிலா என்பதுதான் வித்தியாசம். கோவாக்சின் இந்த இரண்டிலும் சேராது. அது முழு வைரஸையும் செயலிழக்கச் செய்து போடும் பழைய முறை.

மரபணு ஊசி நம் டிஎன்ஏவை மாற்றிவிடாதா? (வாசகர், திருநெல்வேலி)

எம்ஆர்என்ஏ செல்லின் உட்கருவுக்குள் போவதே இல்லை. வெளியிலேயே வேலையை முடித்து, பெரும்பாலும் சில நாட்களில் சிதைந்துவிடும். நீங்கள் கேட்டிருக்க வேண்டியது ஜைகோவ்-டி பற்றி! அகமதாபாத்தின் ஜைடஸ் நிறுவனம் தயாரித்து, 2021 ஆகஸ்டில் அவசர அனுமதி பெற்ற அதுதான் மனிதர்களுக்கான உலகின் முதல் டிஎன்ஏ தடுப்பூசி. ஊசிமுனை இல்லாமல், வேகமாகப் பீய்ச்சித் தோலுக்குள் செலுத்துவார்கள். அதிலுள்ள டிஎன்ஏ உட்கருவுக்குள் போனால்தான் வேலை நடக்கும். கோவிஷீல்டு சுமந்துவரும் மரபணுவும் அப்படியே. ஆனால் இரண்டும் அங்கே தனியாகத்தான் இருக்கும். நம் குரோமோசோமை வெட்டி உள்ளே ஒட்டிக்கொள்ளத் தேவையான நொதி அவற்றிடம் கிடையாது.

புரத ஊசிதான் இயற்கையானது, பக்கவிளைவே இல்லாதது என்கிறார்களே? (வாசகர், சேலம்)

இயற்கையானது என்றால் சிரிப்புதான் வருகிறது. 1986-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஹெபடைடிஸ் பி தடுப்பூசியே, வைரஸின் மரபணுவை ஈஸ்ட்டுக்குள் புகுத்திச் செய்ததுதான். இதுவும் மரபணுப் பொறியியல்தான். அதே வகை ஊசியைத்தான் இன்று நம் ஊரில் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடுகிறோம். இத்தனை ஆண்டுகால அனுபவம் புரத ஊசிக்குப் பெரிய பலம், அதை மறுக்கவில்லை.

ஆனால் சுத்தமான புரதத் துண்டை மட்டும் போட்டால் நம் எதிர்ப்பு மண்டலம் பெரிதாகக் கண்டுகொள்ளாது. அதைத் தட்டியெழுப்ப ‘அட்ஜுவன்ட்’ என்ற துணைப்பொருள் சேர்க்க வேண்டும். கோர்பிவேக்ஸில் அலுமினிய உப்போடு செயற்கை டிஎன்ஏ துணுக்கு ஒன்றும் இருக்கிறது. ‘டிஎன்ஏ வேண்டாம், புரதம் போதும்’ என்பவர்கள் கவனிக்க! அது எந்தப் புரதத்துக்கும் குறிப்பு அல்ல, வெறும் தூண்டுகோல். இன்னொரு புரத ஊசியான கோவோவேக்ஸில் சேர்ப்பது சிலி நாட்டு மரப்பட்டையிலிருந்து எடுக்கும் பொருள். மரபணு ஊசியில் புரதம் செல்லுக்குள்ளேயே உருவாவதால், நோய் தொற்றிய செல்லை அழிக்கும் டி செல்களும் நன்றாகத் தூண்டப்படுகின்றன. புரத ஊசி இதில் பொதுவாகச் சற்றுப் பின்தங்கும்.

பக்கவிளைவுக்கு வருவோம். எம்ஆர்என்ஏ ஊசிக்கு மறுநாள் காய்ச்சலும் உடல்வலியும் அதிகம். அரிதாக இதயத்தசை அழற்சி வரலாம். பெரும்பாலும் இளம் ஆண்களுக்கு, இரண்டாவது டோஸுக்குப் பின். அடினோவைரஸ் ஊசியில் மிக அரிதாக, தட்டணு (பிளேட்லெட்) குறைந்து ரத்தம் உறைவது. புரத ஊசியான நோவாவேக்ஸின் (இந்தியாவில் இதுதான் கோவோவேக்ஸ்) எச்சரிக்கைப் பட்டியலிலும் இதயத்தசை அழற்சி உண்டு.

உருவாக்கும் வேகம் என்று பார்த்தால் மரபணு ஊசிக்குப் போட்டியே இல்லை. வைரஸின் மரபணு வரிசை 2020 ஜனவரியில் வெளியானது; மார்ச் 16-ஆம் தேதி மாடர்னா முதல் தன்னார்வலருக்கு ஊசி போட்டுவிட்டது. கோர்பிவேக்ஸ், கோவோவேக்ஸ் இரண்டுக்கும் இந்தியாவில் அவசர அனுமதி கிடைக்க 2021 டிசம்பர் ஆனது.

மகளுக்கு 12 வயது. கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியும் மரபணு ஊசியா? (வாசகி, ஈரோடு)

இல்லை. அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸின் மேலுறைப் புரதம் மட்டுமே; உள்ளே எதுவும் இல்லாத வெறும் கூடு. 9 முதல் 14 வயது வரை, இந்த வகை ஊசியான செர்வாவேக் இரண்டு டோஸ் போதும். தள்ளிப்போடாமல் போட்டுவிடுங்கள்.

வயது 62, சர்க்கரை இருக்கிறது. அக்கிக்கு எம்ஆர்என்ஏ ஊசி வரும் வரை காத்திருக்கலாமா? (வாசகர், சென்னை)

வேண்டாம். ஷிங்ரிக்ஸ் என்ற புரத ஊசி இப்போதே கிடைக்கிறது. 50 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த ஆய்வில் 90 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு தந்தது. அப்புறம் வரப்போகும் ஊசி என்பதற்காக இதைவிட எவ்வளவு நன்றாக இருந்துவிடப்போகிறது? 2 முதல் 6 மாத இடைவெளியில் இரண்டு டோஸ். கைவலியும் ஓரிரு நாள் அசதியும் இருக்கும், விலையும் அதிகம்தான். உங்கள் சர்க்கரை டாக்டரிடம் பேசிவிட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

எம்ஆர்என்ஏ ஊசியான ஃபைசருக்கு ஆரம்பத்தில் மைனஸ் 70 டிகிரி வேண்டியிருந்தது, புரத ஊசிக்குச் சாதாரண ஃபிரிட்ஜ் போதும். அப்படியானால் பராமரிப்பு சுலபம்தானே? (செவிலியர், தருமபுரி மாவட்டம்)

சுலபம்தான், ஆனால் ஒரு கண்டிஷன். அலுமினிய உப்பு சேர்த்த ஊசிகள் உறையவே கூடாது. ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் எல்லாம் இதில் அடக்கம். ஒருமுறை உறைந்தால் உப்புத் துகள்கள் திரண்டு வீரியம் போய்விடும், இளக்கினாலும் திரும்பாது. 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். ஐஸ் பேக்கை ஃபிரீசரிலிருந்து எடுத்தவுடன் ஊசிப் பெட்டிக்குள் அடுக்காதீர்கள். ஐஸ் பேக்கை ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் குலுங்க வேண்டும்; அதன் பிறகே அடுக்குங்கள்.