'ஏங்க' என்று அப்பாவைக் கூப்பிடும் குழந்தை: கேள்வி பதில்

சின்னக் குழந்தைகள் வீட்டு மனிதர்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது பற்றி வந்த கேள்விகளுக்கு, குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தருபவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: பையனுக்கு ஒன்றே முக்கால் வயசு. கூட்டுக்குடும்பம். என் கணவரை 'ஏங்க' என்கிறான், மாமியாரை 'அம்மா' என்கிறான், என்னை 'அண்ணி' என்கிறான்! எல்லாரும் சிரிக்கிறாங்க, எனக்குத்தான் அழுகையா வருது மேடம்.

பதில்: அழாதீங்கம்மா. உங்கள் பையன் நன்றாகக் காது கொடுத்துக் கேட்கிறான். கணவரை நீங்கள் 'ஏங்க' என்கிறீர்கள். அவர் தன் அம்மாவை 'அம்மா' என்கிறார். நாத்தனார் உங்களை 'அண்ணி' என்கிறார். காதில் விழுந்ததை அப்படியே ஆளுக்கு ஆள் ஒட்டியிருக்கிறான், அதுவும் ஆள் மாறாமல்.

உறவுமுறைப் பெயர் கூப்பிடுகிறவரைப் பொறுத்து மாறும் என்பது இந்த வயதுக்குப் பெரிய கணக்கு. பெரிய பிள்ளைகளே அதில் தடுமாறுவார்கள். 1920களில் பியாஜே என்ற சுவிட்சர்லாந்து உளவியலாளர் குழந்தைகளிடம் இந்த மாதிரிக் கேள்விகள் கேட்டுப் பார்த்தார். நம் வீட்டிலும் கேட்டுப் பார்க்கலாம். நாலு வயதுத் தம்பியிடம் "உனக்கு அண்ணன் இருக்கானா?" என்றால் "இருக்கான்" என்பான். "உன் அண்ணனுக்குத் தம்பி இருக்கானா?" என்றால் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் பதில் வரும். தான்தான் அந்தத் தம்பி என்பது அவனுக்குத் தோன்றாது.

இதற்கு வழி நம் பாட்டிமார்களிடமே இருக்கிறது. பெற்ற மகனையே "அப்பா, பாப்பாவைக் கொஞ்சம் தூக்கிக்கோ" என்று பேரனின் இடத்தில் நின்று கூப்பிடுவார்கள். நாத்தனாரிடமும் சொல்லுங்கள்: பையன் பக்கத்தில் இருக்கும்போது "அம்மாகிட்ட போ", "அம்மா எங்க காணோம்?" என்று உங்களைச் சொல்லட்டும். நீங்கள் 'ஏங்க'வை விட வேண்டாம். பையனிடம் பேசும்போது மட்டும் 'அப்பா' என்றால் போதும். முக்கியமாக, சிரிப்பை நிறுத்தச் சொல்லுங்கள். ஊரே சிரித்தால் அதையே திரும்பத் திரும்பச் சொல்வான்.

கேள்வி: பத்து மாதப் பெண் முதலில் 'தாத்தா' என்றாள். இன்னும் 'அம்மா' வரவில்லை. நாளெல்லாம் கூடவே இருப்பது நான்தானே?

பதில்: த, ப, ம எல்லாம் வாய்க்கு எளிதில் வரும் ஒலிகள். 'தாத்தா'வில் அதே அசை இரண்டு தடவை. பத்து மாதத்தில் அது வெறும் மழலையாகவும் இருக்கலாம். தாத்தாவைப் பார்த்து மட்டும் சொல்கிறாளா என்று கவனியுங்கள். எந்த ஒலி எந்தப் பெற்றோருக்குப் போய்ச் சேரும் என்பது மொழிக்கு மொழி மாறும். ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா, 'தேதா' என்றால் அம்மா.

உங்களை அவளுக்கு எப்போதோ தெரியும். 1999இல் அமெரிக்காவில் டின்காஃப், ஜஸ்சிக் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஆறு மாதக் குழந்தைகளுக்குப் பெற்றோர் இருவரின் வீடியோவையும் அருகருகே காட்டினார்கள். 'மம்மி' என்ற சொல் கேட்டதும் பிள்ளைகள் தங்கள் அம்மாவையே அதிக நேரம் பார்த்தார்கள். முன்பின் தெரியாத பெண்ணையும் ஆணையும் காட்டியபோது அப்படிப் பார்க்கவில்லை. அந்தச் சொல் அம்மா ஒருத்திக்குத்தான் என்பது வாய் திறப்பதற்கு முன்பே புரிந்திருக்கிறது.

கேள்வி: பஸ்ஸில் கண்டக்டரைப் பார்த்து 'அப்பா' என்கிறான். ஒன்றரை வயது. மானம் போகுது!

பதில்: கைவசம் பத்து இருபது சொல்தான், அதை வைத்து உலகத்தையே கூப்பிட வேண்டும். இந்த வயதில் எல்லா மொழிக் குழந்தைகளும் செய்வதுதான். வீட்டில் "அப்பா எங்கே?" என்று கேளுங்கள், சரியாக உங்கள் கணவரைத்தான் பார்ப்பான். பஸ்ஸில் "ஆமா, மாமா டிக்கெட் கொடுக்கறாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் தந்தையை 'அத்தா' என்போம். இரண்டு வயது மகள் அக்காவையும் 'அத்தா' என்கிறாள். குழம்பிவிட்டாளா?

பதில்: இல்லை, இது நாக்குச் சமாசாரம். 'க' ஒலிக்கு நாக்கின் பின்பகுதி மேலே எழ வேண்டும். அது பழகும்வரை பல குழந்தைகள் நாக்கின் நுனியால் 'த' என்று முடித்துவிடுவார்கள். காக்காவும் தாத்தாவும் ஒரே சொல்லாகிவிடும். அவள் கண் யாரைப் பார்க்கிறது என்று பாருங்கள், குழப்பம் இல்லை என்பது தெரிந்துவிடும். "க சொல்லு, க சொல்லு" என்று வற்புறுத்தாதீர்கள். "அக்கா வந்துட்டா!" என்று நீங்கள் தெளிவாகச் சொன்னால் போதும். மூன்றரை வயதுக்குப் பிறகும் மாறவில்லை என்றால் காட்டுங்கள்.

கேள்வி: இரண்டரை வயது. 'எனக்கு' என்று சொல்வதே இல்லை. 'பாப்பாவுக்கு வேணும்' என்கிறாள். சில சமயம் தனக்குத் தண்ணி வேண்டுமென்றால் 'உனக்குத் தண்ணி வேணுமா' என்கிறாள்.

பதில்: 'பாப்பா' எப்போதும் அவள்தான். ஆனால் 'நான்', 'நீ' பேசுகிறவரோடு இடம் மாறிக்கொண்டே இருக்கும். அவளைப் பார்த்து நீங்கள் எப்போதும் 'உனக்கு' என்பதால், அது தன் பெயர் என்றே எடுத்துக்கொண்டாள். கனடாவில் ஒஷிமா-டகானேயும் சக ஆய்வாளர்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாவதாகப் பிறந்த குழந்தைகள் இந்தச் சொற்களில் தலைப்பிள்ளைகளைவிட முந்தியிருந்தார்கள். அம்மாவும் மூத்த பிள்ளையும் பேசிக்கொள்வது அவர்கள் காதில் விழுகிறதல்லவா?

ஆகவே அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்களும் கணவரும் முறுக்கைப் பங்கு போடுங்கள். "எனக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு." அப்புறம் அவர் அதையே உங்களிடம் சொல்லட்டும். மூன்றாவதாக அவள் கையில் தட்டைக் கொடுங்கள். நடுவில் 'நான் தூங்குது' என்று ஒரு கட்டம் வரலாம், பயப்படாதீர்கள். 'பாப்பா தூங்குது' என்று நாம் சொன்னதில் பாதியை மாற்றிவிட்டாள், மீதியும் மாறும்.

கேள்வி: ஒன்றரை வயது. யாரையும் கூப்பிடுவதில்லை. பெயர் சொன்னாலும் திரும்புவதில்லை. "அவன் அப்பனும் மூணு வயசுலதான் பேசினான்" என்கிறார் மாமியார்.

பதில்: இதற்கு மட்டும் காத்திருக்காதீர்கள். ஒன்பது மாதவாக்கில் பெயர் சொன்னால் திரும்ப வேண்டும். முதலில் காது கேட்கிறதா என்று 'பெரா' (BERA) பரிசோதனை செய்யுங்கள். ஒலி கேட்டதும் செவி நரம்பும் மூளையும் எப்படி வேலை செய்கின்றன என்று அளக்கும் சோதனை அது. சத்தம் கேட்டுத் திரும்புகிறானே என்று விட்டுவிடக் கூடாது. சில ஒலிகள் மட்டும் கேட்காமலும் இருக்கலாம். காது சரியாக இருந்தால் குழந்தையின் வளர்ச்சியையும் பார்க்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது, அங்கே இலவசமாகவே பார்ப்பார்கள். போகும்போது, வீட்டில் அவன் விளையாடுவதையும் நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். புது இடத்தில் பிள்ளை மிரண்டு போனாலும் பார்க்கிறவர்களுக்கு அது உதவும். மாமியாரையும் கூட்டிப் போங்கள்.