ஆறு பேர் தூக்கும் எடை

அன்புள்ள ஐயா,

2024-இல் வயநாடு சூரல்மலையில் ராணுவம் இரும்புத் துண்டுகளைக் கோத்துப் போட்ட பெய்லி பாலத்தைச் செய்தியில் பார்த்தேன். இரண்டாம் உலகப்போர் காலத்து டிசைனாம். இன்று கம்ப்யூட்டரில் இன்னும் பெரிய துண்டுகளாகச் செய்து சீக்கிரம் முடிக்கலாமே? பொறியாளர்கள் போரை வென்றார்கள் என்பதெல்லாம் மிகைதானே? நான் சிவில் இறுதியாண்டு மாணவன்.

அன்புள்ள தம்பி,

மிகை இல்லை. இத்தாலியில் பின்வாங்கிய ஜெர்மானியர்கள் பாலங்களைத் தகர்த்துக்கொண்டே போனார்கள். ஆற்றைத் தாண்ட முடியாத டாங்கி வெறும் இரும்பு. பாலம் போட்டு அதைத் தாண்ட வைத்தவர்கள் பொறியாளர்கள். அந்தக் கேள்வி அதோடு போகட்டும்.

"பெரிய துண்டுகள்" என்று எழுதினீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். சிவில் படிக்கிற பிள்ளை இப்படி எழுதலாமா? இந்தப் பாலத்தை வடிவமைத்த பிரிட்டிஷ் பொறியாளர் டொனால்ட் பெய்லியின் பேனல், அதாவது பாலத்தின் பக்கச் சுவராகக் கோக்கும் எஃகுச் சட்டம், 10 அடி நீளம், ஐந்தடிக்குச் சற்று கூடுதல் உயரம், 570 பவுண்டு. கிட்டத்தட்ட 260 கிலோ. குறுக்கே கழிகளைச் செருகி ஆறு பேர் தூக்கினால் ஆளுக்கு 43 கிலோ. மூன்று டன் லாரியில் ஏறும். துண்டைப் பெரிதாக்கினால் கிரேன் வேண்டும். கிரேன் மேல் குண்டு விழுந்தால் வேலை நின்றது. ஆறு பேரில் ஒருவன் விழுந்தால் இன்னொருவன் வந்து தோள் கொடுப்பான். பாலத்துக்கு வலு போதவில்லையா? அதே பேனலைப் பக்கத்தில் ஒன்று, மேலே ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போகலாம்.

எதிர்க்கரையிலிருந்து பிடித்து இழுக்க ஆள் வேண்டாம். பாலத்தை இக்கரையில் உருளைகள் மேல் பூட்டி, முன்னால் தளம் போடாத வெறும் கூட்டை மூக்காக வைத்துத் தள்ளுவார்கள். மூக்கு அக்கரையைத் தொடும்வரை மொத்த எடையின் மையம் கரையோர உருளைக்கு இந்தப் பக்கமே இருக்க வேண்டும். கணக்கு தப்பினால் பாலம் தலைகுப்புற ஆற்றில். நீட்டிய மூக்கு தன் எடையிலேயே தொங்கும் என்பதால், நடுவில் இணைப்புத் துண்டு போட்டு அதை முன்கூட்டியே மேல்நோக்கி வளைத்திருப்பார்கள்.

பேனல்களைக் கோப்பது 'பின்' எனப்படும் எஃகு முளை. உருளைகள் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் துளைகள் நேர்படாது, சுத்தியலால் எவ்வளவு அடித்தாலும் பின் இறங்காது. இறங்கியபின் அதன் முனையிலுள்ள சிறு துளையில் பூட்டு ஊசி போட வேண்டும். பின்னின் தலையில் ஒரு கோடு வெட்டியிருக்கும், அந்தத் துளை போகும் திசையிலேயே. கோடு படுக்கைவாட்டில் இருந்தால்தான் ஊசி தட்டாமல் நுழையும். விளக்கேற்ற முடியாத இரவில் கட்டைவிரலால் தடவியே திருப்பிக்கொள்ளலாம்.

பெய்லி பாலம் எங்காவது கண்ணில் பட்டால் அந்தக் கோட்டைத் தொட்டுப் பாருங்கள். பிறகு எழுதுங்கள்.