நிலைக்குப் பின்னால், தட்டுக்கு அடியில்: பழைய வீட்டுக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழிக் குளிர் இறங்கும்போதுதான் செட்டிநாட்டில் பழைய வீடுகளைப் பழுதுபார்க்கும் எனக்கு வேலை கூடும். வெளியூரில் இருப்பவர்கள் விசேஷத்துக்கு வந்து வீட்டைத் திறப்பார்கள். மழை எங்கே இறங்கியது, எது உளுத்தது என்பது அப்போதுதான் தெரியவரும். இந்தப் பருவத்தில் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஐயா, இத்தனை வீடு பார்த்திருக்கிறீர்கள். கண்டெடுத்ததில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது? (புதுக்கோட்டையிலிருந்து ஒருவர்)

ஒரு வாசல் நிலைதான். முகப்பைத் தாண்டி வளவுக்கு, அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டுக்கு, போகும் வழியில் இருந்த பர்மா தேக்கு நிலை. மேலே கஜலட்சுமி, இருபுறமும் கிளி, கொடி என்று வழக்கமான வேலைப்பாடு. அடிக்கால் இற்றுப்போனதால் இறக்க வேண்டியிருந்தது. நான்கு ஆள் பிடித்து இறக்கித் திண்ணையில் சாய்த்தபோது, சுவருக்குள் மறைந்திருந்த பக்கம் வெளியே வந்தது. இழைப்புளியே படாத மரம். அதில் உளியால் வெட்டிய ‘மே’, ‘கி’ என்ற எழுத்துகள். பக்கத்தில் ௩, ௪ என்று தமிழ் எண்கள். எந்தக் கால் மேற்கே, எது கிழக்கே, எந்தத் துளையில் எந்த முளை என்று ஆசாரி தனக்காகப் போட்டுக்கொண்ட குறிப்பு அது. ‘௪’ மட்டும் இரண்டு தடவை வெட்டப்பட்டிருந்தது. முதல் தடவை உளி வழுக்கியிருக்கிறது. அந்த வழுக்கலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன், ஓரம் இன்னும் கூராக இருந்தது.

முன்பக்கத்து லட்சுமியை ஊரே பார்த்தது. இந்த எழுத்தை அந்த ஆசாரிக்குப் பிறகு நாங்கள்தான் பார்த்தோம். புகைப்படம் எடுத்து, தாளை வைத்துக் கரித்துண்டால் தேய்த்து ஒரு படியும் எடுத்துக்கொண்டு, அதே எண் வரிசைப்படி நிலையைத் திரும்ப நிறுத்தினோம். எந்தச் சாமானையும் கழற்றினால் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள் என்று எல்லாரிடமும் நான் சொல்வது இதனால்தான்.

எங்கள் வீட்டு ஓட்டில் ‘பாசல் மிஷன் 1865’ என்று இருக்கிறது. அப்படியென்றால் வீட்டுக்கு 150 வயதுக்கு மேல் என்று சொல்லலாமா சார்?

சொல்ல வேண்டாம், தம்பி. பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்து கிறிஸ்தவ அமைப்பினர் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு 1865. அதை முத்திரையாகவே ஓட்டில் பதித்துவந்தார்கள். பல ஆண்டுகள் கழித்துச் சுட்ட ஓட்டிலும் அதே எண்தான் இருக்கும். ஓட்டை மாற்றியும் இருக்கலாம். செட்டிநாட்டில் பல வீடுகளில் நாட்டு ஓடு முதலில், மங்களூர் ஓடு பிறகு. வீட்டின் வயதுக்குப் பத்திரம், கல்யாண மொய் ஏடு, முகப்பில் சுதையில் எழுதிய ஆண்டு ஆகியவற்றைத் தேடுங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் மங்குத் தட்டு (எனாமல் பூசிய இரும்புத் தட்டு), தூக்கு வாங்க ஆசை. பழசா, புதுசா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய கதவு ஒன்றும் பார்த்து வைத்திருக்கிறேன்.

மங்குச் சாமானைக் கவிழ்த்துப் பாருங்கள். பழையதானால் ஸ்வீடன் என்றோ செக்கோஸ்லோவாக்கியா என்றோ முத்திரை இருக்கலாம். செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு உருவானது 1918-இல். ஆகவே அந்தப் பெயர் உள்ள தட்டு அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. விளிம்பில் மங்கு சில்லுப்போய் இரும்பு தெரிந்தால் அந்த இடம் கருத்து, தேய்ந்து வழவழப்பாக இருக்க வேண்டும். புதுச் செந்துரு அப்பியிருந்தால் யோசியுங்கள். சில்லுப்போன பாத்திரத்தில் சமைக்காதீர்கள், அலமாரியில் வைத்து அழகு பாருங்கள்.

கதவைப் பற்றி நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தெருவில் நிற்கும் தூண், கதவு ஒவ்வொன்றுக்கும் பின்னால் இடிபட்ட ஒரு வீடு இருக்கிறது. செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் பர்மாவில் வட்டித்தொழில் செய்து கொண்டுவந்த பணம் 1930-களின் பொருளாதார மந்தத்தில் சுருங்கியது, 1942-இல் ஜப்பான் படை நுழைந்ததும் நின்றே போனது. அதன் பிறகு பாகம் பிரிக்க முடியாமலும் பராமரிக்க முடியாமலும் வீடுகள் பிரித்து விற்கப்பட்டன. தட்டு வாங்குங்கள், தூக்கு வாங்குங்கள். உங்கள் வீட்டில் கதவு இல்லாத நிலை இருந்து, அதற்குப் பொருந்தும் என்றால் கதவையும் வாங்குங்கள். வரவேற்பறைச் சுவரில் சாய்த்து வைக்க மட்டும் வாங்காதீர்கள். கேட்பவர் இருக்கும்வரை அடுத்த வீட்டையும் பிரிப்பார்கள்.

மழை விட்ட பிறகு சுவரின் அடியில் வெள்ளையாகப் பூத்து உதிர்கிறது. கொத்தனார் சிமெண்ட் பூசிவிடலாம் என்கிறார். செய்யலாமா? (தேவகோட்டையிலிருந்து ஓர் அம்மா)

வேண்டாம் அம்மா, தயவுசெய்து வேண்டாம். பூத்திருப்பது உப்பு. தரையின் ஈரம் செங்கலில் ஏறி வெளியே காயும்போது உப்பைச் சுவரின் முகத்தில் விட்டுவிட்டுப் போகிறது. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் விடாது. அடியில் அடைத்தால் ஓதம் இன்னும் இரண்டடி மேலே ஏறி, அங்கே பூச்சைப் பெயர்க்கும். என் சொந்த அனுபவம் இது. என் தாத்தா வீட்டில் மூன்றடி உயரத்துக்குச் சிமெண்ட் பூசினோம். இரண்டே மழைக்காலத்தில், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடி போல் இழைத்திருந்த மேல்பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. அந்தப் பூச்சை எங்களால் திரும்பக் கொண்டுவர முடியவில்லை.

செய்ய வேண்டியது இது. உப்பை உலர்ந்த துடைப்பத்தால் தள்ளி வாரி வெளியே கொட்டுங்கள், தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு திரும்பச் சுவருக்குள் போகும். பிறகு முற்றத்துத் தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள். கூரைத் தண்ணீரெல்லாம் முற்றத்தில் விழுந்து மடை வழியாக வெளியேறும்படி கட்டிய வீடு அது. பத்தில் எட்டு வீட்டில் மடைதான் அடைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். சுவர் தையும் மாசியும் நன்றாகக் காயட்டும். அதற்குப் பிறகு சுண்ணாம்புக் காரை போடுங்கள். கடுக்காய், கருப்பட்டி ஊறவைத்த நீரில் காரை குழைக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் காத்திருந்தாலும் நஷ்டமில்லை.

தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் மங்கிவிட்டது. ஆசிட் போட்டுக் கழுவலாமா?

கூடவே கூடாது. அது சுட்ட கல் அல்ல. கண்ணாடிப் பலகை மேல் சிமெண்டும் வண்ணமும் கலந்து ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. பளபளப்பு கண்ணாடியிலிருந்து வந்தது. ஆசிட் சிமெண்டையே தின்னும். வெறும் தண்ணீரில் துடைத்துவிட்டு, துணியில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு ஒற்றி எடுங்கள். மற்றதை நடக்கும் கால்கள் பார்த்துக்கொள்ளும்.

எங்கள் திண்ணைக் கல்லில் முக்கோணமாகக் கோடுகள் கீறியிருக்கின்றன. மந்திரச் சக்கரமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அது ஆடுபுலி ஆட்டக் கட்டம். கோடுகள் சேரும் இடங்களை எண்ணுங்கள், 23 வரும். 3 புலி, 15 ஆடு. ஆட்டை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். புலி தாண்டி வெட்டும், ஆடுகள் சேர்ந்து புலியை நகர விடாமல் கட்ட வேண்டும். கணக்குப்பிள்ளைக்கும் வழிப்போக்கருக்கும் வெயில் தாழும்வரை இதுதான் பொழுதுபோக்கு. கல்லை இழைத்துவிடாதீர்கள். அரையாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகள் வந்தால் புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் கொடுத்து உட்கார வையுங்கள். மார்கழியில் நானும் பேத்தியும் தினமும் ஒரு ஆட்டம் போடுகிறோம். எப்போதும் அவளுக்குத்தான் ஆடு.

பெட்டகம் நிறையப் பழைய காகிதம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன் போகியில் போட்டுவிடலாம் என்கிறார் அண்ணன்.

அண்ணனிடம் ஒரு வாரம் தவணை கேளுங்கள். பேரேடு, ரங்கூன் தபால் முத்திரை உள்ள உறை, கல்யாண மொய் ஏடு, கொத்தனார் கூலிக் கணக்கு எதையும் எரிக்காதீர்கள். கூலிக் கணக்கில்தான் சுண்ணாம்பு எத்தனை வண்டி வந்தது, மரம் எந்த மாதம் இறங்கியது என்றெல்லாம் இருக்கும். கரையான் அரித்ததைக் கூட வெயில் படாமல் நிழலில் உலர்த்தி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள். பெட்டகத்தின் அடிப்பலகையையும் தூக்கிப் பாருங்கள்.

குளிர்கால மாலைகளில் நீங்கள் என்ன செய்வீர்கள்?

பூட்டுகள். திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு முதல் பெட்டகப் பூட்டு வரை, சாவி தொலைந்தவை, துரு ஏறியவை. மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறப்போட்டு, துடைத்து, எண்ணெய்க்குப் பதில் பென்சில் தூள் விடுவேன். எண்ணெய் தூசியைப் பிடிக்கும்.

அதைவிட நான் காத்திருப்பது பிள்ளையார் நோன்பு நாளுக்கு. கார்த்திகை தீபத்திலிருந்து 21-ஆம் நாள் நகரத்தார் வீடுகளில் 21 இழைத் திரியை மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு எடுத்துச் சாப்பிடுவார்கள். அன்று பூட்டிக் கிடந்த வளவெல்லாம் திறந்திருக்கும். தெரிந்த வீடுகளில் கூப்பிடுவார்கள், நோட்டுப் புத்தகத்தோடு போவேன். எந்த அறை எந்தப் புள்ளிக்கு (மணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி), எங்கே யார் படுத்தார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்வேன். போன ஆண்டு ஓர் ஆச்சி என் கையைப் பிடித்து இரண்டாங்கட்டுக்கு அழைத்துப் போய் உத்தரத்தைக் காட்டினார். ஓர் இரும்பு வளையம். விளக்கு மாட்ட என்று நான் எழுதி வைத்திருந்தேன். “தொட்டில் கட்டினது. எங்க வீட்டில் பதினொரு பேர் இதில் கிடந்தோம்” என்று ஒவ்வொரு பெயராகச் சொன்னார். எழுதியிருந்ததை அடித்துவிட்டு, பதினொரு பெயரையும் எழுதிக்கொண்டேன்.