மாட்டெலும்புத் தூள் வேண்டாம் என்றால் வேறு என்ன வைக்கலாம்?

கேள்வி: எனக்கு வயது 46. கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப்பல்லை எடுத்து ஆறு வருடம் ஆகிறது. இம்ப்ளான்ட் (தாடையில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) வைக்கப் போனால், எலும்பு மெலிந்து நாலரை மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கிறது, மாட்டெலும்புத் தூள் வைத்து அகலப்படுத்த வேண்டும் என்கிறார் டாக்டர். நாங்கள் சுத்த சைவம். வேறு வழி உண்டா? வேறு பொருள் வைத்தால் இம்ப்ளான்ட் நிற்குமா?

பதில்: வழி உண்டு. ஆனால் தூளை மட்டும் மாற்றினால் போதாது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பல்லை எடுத்த ஒரே வருடத்தில் தாடை எலும்பின் அகலத்தில் ஏறக்குறைய பாதி கரைந்துவிடும். அதிலும் பெரும்பகுதி முதல் 3 மாதங்களிலேயே. 4 மி.மீ. தடிமனுள்ள இம்ப்ளான்டைச் சுற்றி இரண்டு பக்கமும் ஒன்று, ஒன்றரை மி.மீ. எலும்பாவது நிற்க வேண்டும். நாலரை போதாது என்று உங்கள் டாக்டர் சொன்னது சரிதான்.

எந்தத் தூளும் தானாக எலும்பாகிவிடாது. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல அது இடத்தைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். ரத்தக்குழாய்களும் எலும்பு செல்களும் உங்கள் தாடையிலிருந்துதான் வர வேண்டும். மாட்டெலும்பை ஏன் அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்றால், புரதம், கொழுப்பு எல்லாவற்றையும் நீக்கிய பிறகு மிஞ்சும் தாது நம் எலும்பின் தாதுவைப் போலவே நுண்துளைகளோடு இருக்கிறது. மிக மெதுவாகக் கரைவதால், கட்டிய அகலம் சுருங்காமல் நிற்கிறது. நீண்ட கால அனுபவமும் அதற்குத்தான் அதிகம்.

சைவக்காரருக்கு முதல் மாற்று, செயற்கைத் தூள். பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் என்பது சுமார் 6 முதல் 18 மாதங்களில் கரைந்துவிடும். ஹைட்ராக்ஸிஅபடைட் லேசில் கரையாது. தனியாக முன்னதை வைத்தால், புது எலும்பு வருவதற்குள் இடம் சுருங்கிவிடலாம். அதனால் இரண்டும் கலந்த தூளையே நான் விரும்புவேன்.

அதைவிட நல்லது, அந்தத் தூளோடு உங்கள் சொந்த எலும்பையும் கலப்பது. இங்கே சொல்லும் பொருள்களில் உயிருள்ள செல்களோடு வருவது அதுதான். கீழ்த்தாடையில், கடைசிப் பல்லுக்குப் பின்னால் இருந்தே மரப்பு ஊசி போட்டுச் சுரண்டி எடுக்கலாம். இடுப்பெலும்புவரை போக வேண்டியதில்லை. கொஞ்சம் கூடுதல் வீக்கம் இருக்கும். சொந்த எலும்பை மட்டும் வைத்தால் ஒரு பகுதி கரைந்துவிடும் என்பதால்தான் கலவை.

தானம் கொடுத்தவர்களின் எலும்பைப் பதப்படுத்தித் தருவதும் உண்டு. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையின் திசு வங்கி 1988-லிருந்து இயங்குகிறது. காமா கதிரால் கிருமி நீக்கித் தருகிறார்கள். மனித எலும்பு என்றதும் சிலருக்கு மனம் ஒப்பாது. அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இம்ப்ளான்ட் நிற்குமா என்றால், நிற்கும். உங்களைப் போல ஒரு பல் இடத்துக்கு, தூளின் பிராண்டைவிட ஈறு பிரியாமல் தையல் மூடியிருப்பதும், தூள் அசையாமல் இருப்பதும்தான் முக்கியம். நிதானமாக 6 மாதம் ஆறவிட்டு, ஸ்கேன் பார்த்துவிட்டு இம்ப்ளான்ட் வைக்கச் சொல்லுங்கள். சிகரெட், கட்டுப்படாத சர்க்கரை இருந்தால் எந்தத் தூளும் கைகொடுக்காது. எலும்புத் தேய்மானத்துக்கு வார மாத்திரையோ வருட ஊசியோ போட்டிருந்தால், கத்தி வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இனி, பலரும் தவறவிடும் விஷயம். தூளின் மேல் ஒரு மெல்லிய மெம்பிரேன் (சவ்வு) போர்த்துவார்கள். அது பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டிலிருந்து எடுத்த கொலாஜன் என்ற புரதம். செயற்கைத் தூள் கேட்டு வாங்கியவருக்கும் இதைப் போர்த்தி அனுப்புவது நடக்கிறது; யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, யாரும் கேட்பதில்லை. பாலிலாக்டிக் அமிலத்தில் செய்த, தானாகக் கரையும் மெம்பிரேன் கிடைக்கிறது. பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) மெம்பிரேனும் உண்டு, ஆனால் அது கரையாது, பிறகு எடுக்க வேண்டும். ரத்தம் நிற்க வைக்கும் ஜெலட்டின் பஞ்சும், கேட்கட் தையல் நூலும்கூட விலங்கிலிருந்து வருபவைதான்.

சம்மதப் படிவத்தில் பெரும்பாலும் 'எலும்பு கிராஃப்ட்' என்று மொத்தமாக எழுதியிருக்கும். 'விலங்குப் பொருள் எதுவும் வேண்டாம்' என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அறுவை சிகிச்சை நாளன்று அல்ல, ஒரு வாரம் முன்பே. மாற்றுப் பொருளை வரவழைக்க அவர்களுக்கும் நேரம் வேண்டும். அப்புறம், பெட்டியில் 'போவைன்', 'போர்சைன்' என்று இருந்தால் முறையே மாடு, பன்றி. அந்த ஸ்டிக்கரை உங்கள் ஃபைலிலும் ஒன்று ஒட்டித் தரச் சொல்லுங்கள்.